கைரேகை ரிப்போர்ட்டில் இல்லாத ஆள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், நாகர்கோவிலில் உளவியல் ஆலோசகராக இருக்கிற என் மேசைக்கு ஒரு தனிவகை ஃபைல் வரத் தொடங்கும். பளபளக்கும் அட்டை, உள்ளே கலர் கலராக வட்டப் படங்கள், நடுவில் ஒரு மூளை. பிள்ளையின் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, எந்தத் திறமை எத்தனை சதவீதம், எந்தப் படிப்பு ஒத்துவரும் என்று அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணமும் வாங்கியிருப்பார்கள். "எனக்க மவளுக்கு எது சரியா வரும்னு இதுல தெளிவா போட்டிருக்கு சார். நீங்க அவளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொன்னா போதும்" என்பார் அப்பா. மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. அறிவும் ஆர்வமும் அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் வளர்பவை. இந்த ரேகைப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவ சங்கம் 2019-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் படித்தவர்கள்கூட "அவ குணத்தை அப்படியே எழுதி வச்சிருக்கான் சார்" என்று வியந்துபோய் வருகிறார்கள். இதற்கான விளக்கம் 1948-லேயே கிடைத்துவிட்டது. பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். சில நாள் கழித்து ஆளாளுக்குத் தனித்தனியாக 'ரிசல்ட்' கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள்தான். வாக்கியங்களை அவர் எடுத்தது பெட்டிக்கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து. 'வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில நேரம் கலங்குவீர்கள்' என்ற மாதிரி வரிக்கு, பூதப்பாண்டியில் இருந்து பொழியூர் வரைக்கும் யார்தான் இல்லையென்று சொல்லப்போகிறார்கள்?

அப்படி ஒரு ஃபைலோடு வந்த பெண்ணுக்கு, சேவை மனப்பான்மை அதிகம், நர்சிங் உகந்தது என்று போட்டிருந்தது. (இந்தக் கட்டுரையில் வருகிறவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஃபைலை மூடி வைத்து, அவள் இதுவரை செய்ததைப் பற்றி மட்டும் கேட்டேன். படுக்கையில் கிடந்த பாட்டியை எட்டு மாதம் அவள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதில் எது கஷ்டமாக இருந்தது என்றேன். மலம், மூத்திரம் என்று சொல்வாள் என நினைத்தால், "அது ஒண்ணும் இல்ல சார். பாக்க வாற ஆளுகளுக்கெல்லாம் பதில் சொல்லுகதுதான் பிடிக்கல்ல" என்றாள். மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்ததும், சுகர் அளவைத் தேதி போட்டு ஒரு டைரியில் எழுதியதும் பிடித்திருந்ததாம். எழுதாமல் விட்ட நாளில் தூக்கம் வரவில்லையாம்.

அவளைப் பற்றி அந்த ரிப்போர்ட் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத தகவல் இது. நோயாளிக்குப் பக்கத்தில் இருக்கத் தயக்கம் கிடையாது, கூட்டத்துக்கு நடுவே பேச்சுக் கொடுப்பதுதான் ஆகாது, அளவும் கணக்கும் உள்ள வேலை ஒட்டும். இதை வைத்துக்கொண்டு நர்சிங்கையும் யோசிக்கலாம், பார்மசியையும் லேப் டெக்னீஷியன் படிப்பையும் யோசிக்கலாம். அன்றைக்கு ஒரு முடிவும் எடுக்கவில்லை. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

தன்னை அறிதல் என்று பேச்செடுத்தாலே நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிய விஷயங்கள் நினைவுக்கு வரும். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தவமிருந்த பாறை இங்கேதான் இருக்கிறது. அய்யாவழி வழிபாட்டு இடங்களான சாமித்தோப்பிலும் நிழல் தாங்கல்களிலும் கண்ணாடிக்கு முன்னால் நின்று கும்பிடுகிறோம். அது ஆன்மிகம், அதைப் பற்றிப் பேச நான் ஆளில்லை. நான் சொல்வது அதைவிடப் பல படி கீழே இருக்கிற சங்கதி: எனக்கு எப்போது கோபம் வருகிறது, எந்த வேலையை நான் தள்ளிப்போடுகிறேன், யார் முன்னால் எனக்குக் குரல் மாறுகிறது. பலசரக்குக் கடைப் பற்று வரவு மாதிரிதான். எழுதி வைத்தால் தெரியும், எழுதாவிட்டால் தோராயம்.

தோராயம் எவ்வளவு தப்பாகப் போகும் என்பதற்கு மார்த்தாண்டம் பக்கத்துக்காரர் ஒருவர். வளைகுடாவில் பதினாறு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கொஞ்சம் ரப்பர், ஒரு சின்னக் கடை. மனைவி கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தார். "எனக்குக் கோவமே வராது சார். வீட்டுல உள்ளவங்கதான் வர வைக்காங்க" என்பது அவருடைய முதல் வாக்கியம். ஏன் கோபம் வருகிறது என்று கேட்டதும் பதில் தயாராக இருந்தது: மரியாதை இல்லை. பணம் அனுப்பிய காலத்தில் இருந்த மரியாதை இப்போது இல்லை.

நான் அவரோடு வாதாடவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். சத்தம் போட்ட ஒவ்வொரு தடவையும் மூன்று விவரம் மட்டும் குறிக்க வேண்டும்: மணி என்ன, பக்கத்தில் யார், அதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்ன நடந்தது. காரணம் எழுதக் கூடாது. காரணம் எழுதினால் மறுபடியும் 'மரியாதை' என்றுதான் எழுதுவார்.

அடுத்த முறை வந்தபோது நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் விரிக்காமலே இருந்தார். பிறகு அவரே வாசித்தார். பெரும்பாலும் சாயங்காலம், கடை அடைத்து வந்த பிறகு. ஒன்றில், மகன் செமஸ்டர் ஃபீஸ் கடைசித் தேதியைச் சொல்லியிருக்கிறான். இன்னொன்றில், மகள் மொபைல் ரீசார்ஜ் கேட்டிருக்கிறாள். கல்யாண வீட்டுக்கு எவ்வளவு எழுத வேண்டும் என்று மனைவி கேட்ட நாளில் தட்டையே தள்ளிவிட்டிருக்கிறார். அதே மகன் எதிர்த்துப் பேசிய நாள் ஒன்றையும், நான் கேட்காமலேயே, நோட்டில் குறித்திருந்தார். அன்றைக்குச் சத்தம் போடவில்லை, சிரித்திருக்கிறார். வாசித்து முடித்துவிட்டு, "பைசா கேக்கும்போதுதான் வருது" என்றார். கொஞ்சம் பொறுத்து, பேங்கில் மிச்சம் இருக்கிற தொகை எவ்வளவு என்று சொன்னார். மனைவி அந்தத் தொகையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறார்.

மரியாதைக் குறைவு என்று அவர் பெயர் வைத்திருந்தது பயம். அதற்குப் பிறகு அவருக்குக் கோபம் வராமல் போய்விடவில்லை. செலவுப் பேச்சை சாயங்காலத்தில் எடுப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேருமாக உட்கார்ந்து பேசுவது என்று வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் மாற்றம். என் அனுபவத்தில் வளர்ச்சி என்பது பெரும்பாலும் இந்த அளவில்தான் நடக்கிறது. மேடைப் பயிற்சியாளர்கள் சொல்கிற 'புது மனிதன்' யாரையும் நான் இதுவரை பார்த்தது கிடையாது.

காரணம் எழுதக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு ஆதாரம் உண்டு. ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1977-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கடைச் சோதனை வரும். வரிசையாக நான்கு ஜோடி நைலான் காலுறைகள், தரத்தில் எது சிறந்தது என்று வாடிக்கையாளர்கள் சொல்ல வேண்டும். நான்கும் ஒரே சரக்கு. வலது கோடியில் இருந்ததைத்தான் அதிகம் பேர் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டால் நெசவு, மென்மை என்றெல்லாம் சொன்னார்கள். வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டபோது, கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. 'ஏன்' என்ற கேள்விக்கு மனசு உடனே நம்பும்படியான ஒரு கதை தயாரித்துக் கொடுத்துவிடும். மணி என்ன, யார் இருந்தார்கள் என்ற கேள்விக்குக் கதை தயாரிப்பது கஷ்டம்.

நோட்டிலும் சிக்காத விஷயங்கள் உண்டு. நமக்குள் இருக்கிற பதற்றமும் தாழ்வு எண்ணமும் நமக்குத்தான் நன்றாகத் தெரியும். நம் புத்திசாலித்தனத்தை நம்மைவிட நண்பர்கள் சரியாகக் கணிக்கிறார்கள் என்று உளவியலாளர் சிமின் வஸீரேயின் 2010 ஆய்வு காட்டியது. ஆகவே ஆளைக் கேட்கத்தான் வேண்டும். ஊரைக் கேட்கக் கூடாது. நம்மூரில் 'நாலு பேரு என்ன சொல்லுவாங்க' என்பதற்கே பாதி ஆயுசு போய்விடுகிறது. உங்களிடம் கடன் வாங்காத, உங்களுக்குப் பயப்படாத, உங்கள் நல்லது கெட்டதில் கூட நின்ற ஒருவர் போதும். "நான் எப்படிப்பட்ட ஆளு?" என்று கேட்டால் "நீ தங்கமான ஆளு" என்றுதான் பதில் வரும். "நான் பேசும்போது எந்த இடத்துல நீ வாயை மூடிக்கிறா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்ததும் நியாயம் சொல்லத் தொடங்கினால் அவர் இனிமேல் எதுவும் சொல்லமாட்டார், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

இதையெல்லாம் எல்லோருக்கும் நான் சொல்வதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு நம் கடலோர ஊர்களில் எத்தனையோ பெண்கள் "அண்ணைக்குக் கடலுக்குப் போகவேண்டாம்னு நான் சொல்லியிருக்கலாமே" என்று ராத்திரி ராத்திரியாகத் தங்களையே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அது தன்னை அறிதலில் சேராது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப அரைப்பது மனச்சோர்வை ஆழமாக்கும் என்று உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அந்த நிலையில் இருப்பவர் கையில் நோட்டைக் கொடுத்தால் அதிலும் குற்றப்பத்திரிகைதான் எழுதுவார். அவருக்குத் தேவை கூட இருக்க ஒரு ஆளும், சிகிச்சையும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, வழக்கமாகப் பிடிப்பது எதுவும் பிடிக்காமல், வெப்ராளம் (மனத் தவிப்பு) நெஞ்சை அடைத்துக்கொண்டே இருந்தால், சுயபரிசோதனையை ஓரமாக வைத்துவிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அது விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். போனை எடுத்ததும் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். மீதியை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.