ஈயக்குண்டு ஊற்றுகிற கை

முதல் தடவை அவர் வந்தபோது கேஸ்ட்ரிக் மருந்து எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் தடவை வந்தபோது அதையே கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். 58 வயது. செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வயிற்றுவலி, நாலைந்து நாளாக வெளிக்குச் சரியாகப் போகவில்லை. நம்மூரில் யாருக்குத்தான் கேஸ்ட்ரிக் இல்லை?

மூன்றாம் தடவை வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அமுக்குனா கொஞ்சம் நல்லா இருக்கு டாக்டர்" என்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. ரத்தம் எடுத்து அனுப்பினேன். ஹீமோகுளோபின் 9.8, ரத்தச்சோகை. அதற்குக் கீழே லேப்காரர் ஒரு வரி சேர்த்திருந்தார்: பேசோஃபிலிக் ஸ்டிப்ளிங். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுவுக்குள் நீலப் பொடி தூவினாற்போல் இருக்கும். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயிலும் அப்படித் தெரியும். காரீயம் உடம்பில் ஏறினாலும் தெரியும்.

அதற்குப் பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். மூன்று தடவை நாடி பிடித்த கை. நகக்கண்களில் பென்சில் கரி மாதிரி ஒரு சாம்பல் கோடு.

"இப்ப என்ன வேலை பாக்குறீங்க அண்ணே?"

"வேலை என்ன வேலை. சும்மா தூண்டிலுக்குக் குண்டு ஊத்துறேன்."

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்து டவுன் எங்களுடையது. பேராக் ஆற்றில் ஊடாங் காலா என்ற பெரிய ஆற்று இறால் பிடிக்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஆற்றில் இழுப்பு அதிகம். தூண்டில் அடியில் நிற்க வேண்டுமானால் ஈயக்குண்டு வேண்டும். கடையில் வாங்குவதைவிட வீட்டில் ஊற்றினால் மலிவு. நாலு பேர் கேட்டால் கைச்செலவுக்கும் ஆச்சு. வீச்சுவலைக்கு ஈயமணி கோத்த காலத்திலிருந்தே இது இங்கே பழகிய வேலைதான். யாரும் இதை ஆபத்து என்று நினைப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். குசினிக்குப் பின்னால், சாக்கடை ஓரம், தகரக் கூரை போட்ட ஒரு சாய்ப்பு. கேஸ் அடுப்பு, அதன்மேல் அடி கறுத்த பழைய இரும்புச் சட்டி, பக்கத்தில் மைலோ டின் நிறைய பழைய டயர் எடைக்கட்டிகள், சக்கரம் ஆடாமல் இருக்க ரிம்மில் மாட்டும் ஈயத்துண்டுகள். அச்சைத்தான் அவர் முதலில் காட்டினார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

இரண்டு அலுமினியப் பாளம், நடுவில் கீல், மரப்பிடி. மூடினால் உள்ளே ஆறு முட்டை வடிவக் குழி. கடையில் வாங்கியபோது வெறும் குண்டுதான் வார்க்குமாம். நைலான் கயிறு உள்ளே ஓட வேண்டும் என்பதற்காகப் பெங்கெல் (வண்டிப் பட்டறை) வைத்திருக்கும் மருமகனிடம் கொடுத்துக் குழிகளின் குறுக்கே துளை போட்டு வாங்கியிருக்கிறார். அந்தத் துளையில் மோட்டார் சைக்கிள் ஸ்போக் கம்பியை எமரித் தாளால் தேய்த்துச் செருகுகிறார். ஊற்றி முடித்ததும் சூடு ஆறுவதற்குள் குறட்டால் கம்பியைத் திருகி உருவ வேண்டும், விட்டால் பிடித்துக்கொள்ளும். கம்பி குளிர்ந்திருந்தால் ஈயம் அதைச் சுற்றிச் சுருங்கி, குண்டு கிழவி முகம் மாதிரி வரும். அதனால் முதல் மூன்று நாலு வார்ப்பை மறுபடி சட்டியிலேயே போட்டுவிடுவார். குழிக்குள் மெழுகுவர்த்திப் புகை பிடித்தால் ஈயம் வழுக்கிக்கொண்டு ஓடும் என்றார். ஒரு நல்ல கைவேலைக்காரருக்கே உரிய நுணுக்கம் எல்லாம் இருந்தது. எனக்கே ஒன்று ஊற்றிப் பார்க்கலாமா என்று தோன்றியது, உண்மையைச் சொல்கிறேன்.

கம்பி செருகும் யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மருமகன் போனில் பார்த்ததாம். அமெரிக்காவில் சிலர் வீட்டிலேயே துப்பாக்கி ரவை வார்க்கிறார்கள். முனையில் குழி விழுவதற்கு அச்சுக்குள் ஓர் ஊசி வைக்கிறார்கள். அங்கே அது பலருக்குப் பொழுதுபோக்கு. இங்கே லைசென்ஸ் இல்லாமல் ரவை செய்வது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தண்டனையும் லேசானதல்ல, வேடிக்கைக்குக்கூட அந்தப் பக்கம் போகாதீர்கள். நான் சொல்ல வருவது வேறு. ரவையானாலும் தூண்டில் குண்டானாலும் சட்டியில் இருப்பது ஒரே ஈயம். அங்கே ரவை வார்ப்பவர்களில் விவரம் தெரிந்தவர்கள் அவ்வப்போது ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்கிறார்கள். வீடியோவில் அச்சைப் பார்த்த நம் பையன்கள் அதைப் பார்க்கவில்லை.

"புகை வந்தா நான் தள்ளி நின்னுக்குவேன் டாக்டர்" என்றார் அண்ணன். எல்லாரும் பயப்படுவது அந்தப் புகைக்குத்தான். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும்; கொதிப்பதற்கு 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். ஊற்றும்போது கண்ணுக்குத் தெரிகிற புகை பெரும்பாலும் எடைக்கட்டியில் ஒட்டியிருந்த எண்ணெயும் அழுக்கும் எரிவதுதான். அதற்காக ஆவி இல்லை என்று அர்த்தமில்லை. சூடு ஏற ஏற அது கூடும், கண்ணுக்கும் தெரியாது. அளவு பார்க்க ஒன்றும் இல்லாத கேஸ் அடுப்பில் 500 டிகிரியைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. பசாரில் விற்கும் மூன்றடுக்கு முகமூடி அதற்கு உதவாது.

ஆனால் அவர் வயிற்றுக்குள் போனதில் பெரும்பங்கு புகை வழியாகப் போகவில்லை. உருகிய ஈயத்தின் மேல் பால் ஏடு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று படியும். கசடு என்பார்கள். கரண்டியால் வழித்துப் பேப்பரில் கொட்டினால் மாவு போல உதிரும். அதுதான் ஈய ஆக்சைடு, அதுதான் விஷம். கட்டி ஈயத்தைக் கையில் பிடித்தால் தோல் வழியாக உள்ளே போவது அநேகமாக இல்லை. இந்த மாவு அப்படியல்ல. விரலில் ஒட்டும், விரலிலிருந்து ரொட்டிக்குப் போகும், சிகரெட்டுக்குப் போகும். குண்டின் ஓரத்தை அரத்தால் ராவும்போது பறக்கிற பொடியும் இதே கதைதான். அண்ணன் ஒரு கையில் தே தாரேக், ஒரு கையில் அரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்து 300 குண்டு ராவுகிற ஆள்.

அவர் மனைவி குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். "என்ன டாக்டர், எங்க பாட்டி ஈயச்சொம்புலதான ரசம் வெச்சாங்க? எண்பது வயசு வரைக்கும் இருந்தாங்களே." நியாயமான கேள்வி. தமிழில் நாம் இரண்டு உலோகத்தையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயம். 232 டிகிரியில் உருகும், அதனால்தான் ரசம் இல்லாமல் வெறுமனே அடுப்பில் வைத்தால் சொம்பே இளகிவிடும். நம் பேராக் மாநிலத்தையே வளர்த்த உலோகம் அது, மலாயில் தீமா. தூண்டில் குண்டு காரீயம், மலாயில் பிளம்பம். பேரில்தான் உறவு, குணத்தில் இல்லை. (சொம்பிலேயே காரீயம் கலந்து விற்பவர்களும் உண்டு. அதை நம்பகமான கடையில் வாங்குங்கள்.)

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பேத்தி உள்ளேயிருந்து ஓடிவந்து தாத்தா மடியில் ஏறினாள். இரண்டு வயது. அவர் டீஷர்ட்டைக் கசக்கிப் பிடித்தாள். அந்தக் கை அப்படியே வாய்க்குப் போனது. அவளுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை.

கிளினிக்கில் வழக்கமாக எடுக்கும் ரத்தச் சோதனையில் ஈயம் தெரியாது. தனியாகக் கேட்டு வெளியே அனுப்ப வேண்டும். முடிவு வந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் தாத்தாவுக்கு 52 மைக்ரோகிராம், பேத்திக்கு 19. உலகச் சுகாதார நிறுவனம் 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது; இந்த அளவுவரை பரவாயில்லை என்று எந்த அளவையும் அது சொல்வதில்லை. 19 உள்ள குழந்தை பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஓடும், சிரிக்கும். பாதிப்பு பின்னால் படிப்பிலும் கவனத்திலும் தெரியும், அப்போது யாரும் இந்தச் சட்டியை நினைக்கமாட்டார்கள். பெரியவர்களைவிடக் குழந்தையின் குடல் ஈயத்தை நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இன்னும் மோசம்.

அண்ணனைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். பேத்திக்கு ஈயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்து தேவைப்படவில்லை. குழந்தைகளுக்கு அது பொதுவாக 45க்கு மேல்தான். அவளுக்கு இரும்புச்சத்து மருந்து கொடுத்தேன். மற்றபடி வைத்தியம் வீட்டைக் கழுவுவதுதான். பெருக்கக் கூடாது, பொடி பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல், துணியைத் தூக்கிப் போட வேண்டும். அவர் கசடைக் கொட்டி வந்த வாழைமரத்து மண்ணையும் வெட்டி எடுக்கச் சொன்னேன். அந்த மரத்துப் பழம் நன்றாகத்தான் இருந்தது என்று அந்த அம்மாவுக்கு வருத்தம்.

பேட்டரி உடைக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கார் பேட்டரியை உடைத்துத் தகட்டை உருக்குவது எடைக்கட்டியைவிடப் பலமடங்கு கொடியது. உள்ளே இருப்பதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே மாவாகத்தான் இருக்கும், ஆசிட் வேறு. செனகல் நாட்டில் தியாரோய் என்ற ஊரில் பேட்டரி ஈயம் பொறுக்கி விற்றுப் பிழைத்த குடும்பங்களில் 2007க்கும் 2008க்கும் இடையில் சில மாதங்களில் 18 குழந்தைகள் செத்துப்போயின. பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் நம்மூர் மழை. வெளியில் காற்றோட்டமாக ஊற்றுகிறேன் என்பவர்களுக்கு இது. உருகிய ஈயத்தின் மேல் விழுகிற துளி பெரும்பாலும் சீறிக்கொண்டு ஓடிவிடும். அடியில் மாட்டிய ஈரம்தான் வெடிக்கும். நனைந்த எடைக்கட்டியைச் சட்டியில் போடுவது, கழுவிய கரண்டியை அப்படியே முக்குவது, ஈரச் செங்கல்லில் குழி தோண்டி ஊற்றுவது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடங்கு இடம் கேட்கும். ஈயம் முகத்துக்கு வரும். சிலிப்பர் போட்ட காலில் ஈயம் சொட்டி, விரலிடுக்கில் இறுகிப்போய் வந்த பையனுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஊற்றத்தான் போகிறேன் என்பவர் குழந்தை இல்லாத வீட்டில், வீட்டைவிட்டுத் தள்ளி ஊற்றுங்கள். அந்தச் சட்டையோடு உள்ளே வராதீர்கள், அதைத் தனியாகத் துவையுங்கள். தின்பது, குடிப்பது, புகைப்பது எல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று சோதித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் ஊற்றாதீர்கள் என்பேன். பிரிட்டனில் அன்னப்பறவைகள் விழுங்கிச் சாகின்றன என்பதற்காக 1987லேயே சின்ன ஈயக்குண்டு விற்பதைத் தடுத்துவிட்டார்கள். அங்கே ஆட்கள் மீன் பிடிப்பதை விட்டுவிடவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பேத்திக்கு 11. அண்ணனுக்கு 31, ரத்தத்தில் இருப்பது குறையும், எலும்பில் போய் உட்கார்ந்தது பல வருடம் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். போன வாரம் பிரஷர் மருந்துக்கு வந்தவர், சட்டைப்பையிலிருந்து ஒரு நைலான் கயிற்றை எடுத்துக் காட்டினார். குண்டு இருக்க வேண்டிய இடத்தில் மருமகன் பெங்கெலிலிருந்து வந்த இரும்பு நட்டு இரண்டு கோத்திருந்தது.

"கொஞ்சம் மெதுவாத்தான் எறங்குது டாக்டர்" என்றார். "ஆனா ஊடாங்குக்குத் தெரியல."