டி டிரைவில் இருப்பது பேக்கப் இல்லை

மறுபடியும் அதே கோலம். போட்டோ ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து. எல்லா ஃபோல்டரிலும் 'ரீட்மி' என்றொரு நோட்பேட் கோப்பு: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 490. ஸ்டாப் டிஜேவியூ வகை ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். எங்கள் சர்வீஸ் கடையில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைப்பவர் சொல்வதும் மாறுவதே இல்லை: "சி டிரைவை ஃபார்மட் பண்ணிடுங்க சார், எல்லாம் டி-யில பேக்கப் இருக்கு."

இல்லை சார். சி, டி, இ எல்லாம் பெரும்பாலும் ஒரே டிஸ்கில் போட்ட பாகங்கள். விண்டோஸ் கெட்டால் சி-யை மட்டும் அழித்து மறுபடி போட வசதியாக இருக்கட்டும் என்று அசெம்பிள் செய்பவர்கள் பிரித்துக் கொடுத்த பழக்கம் அது. அதற்கு மேல் அதில் பாதுகாப்பு எதுவும் கிடையாது. உங்களால் திறந்து திருத்த முடிகிற கோப்பை ரான்சம்வேராலும் திருத்த முடியும். டி-யும் போகும், செருகிவைத்த பென்டிரைவும் போகும், 'பேக்கப்' என்று ஸ்டிக்கர் ஒட்டி வருடக்கணக்கில் யூஎஸ்பியிலேயே தொங்கும் எக்ஸ்டர்னல் டிஸ்கும் போகும். விண்டோஸ் தானாக எடுத்துவைத்த பழைய பிரதிகளான ஷேடோ காப்பிகளையும் அழித்துவிடும். சி-யை ஃபார்மட் செய்தால் வைரஸ் போகலாம்; டி-யில் பூட்டிய கோப்பு பூட்டியபடியே இருக்கும்.

பேக்கப் என்றால் தனி டிஸ்க். வாரம் ஒருமுறை செருகி, காப்பி செய்து, கழற்றி பீரோவில் வையுங்கள். கூகுள் டிரைவில் ஒரு பிரதி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் சின்க் (கம்ப்யூட்டரில் மாறுவது அங்கும் தானாக மாறுவது) போட்டிருந்தால் பூட்டிய கோப்பும் மேலே ஏறிவிடும். பழைய பதிப்புகளை அது 30 நாள்தான் வைத்திருக்கும், தாமதிக்காதீர்கள்.

எப்படி வந்தது என்று கேட்டால் "ஒண்ணுமே பண்ணல". டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் காசு கட்டாமல் ஓட்ட உதவும் போட்டோஷாப் கிராக்கோ ஆபிஸ் ஆக்டிவேட்டரோ கிடக்கும். பாஸ்வேர்ட் போட்ட ஜிப். பாஸ்வேர்ட் 1234 என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஊருக்கே சொல்லும் பாஸ்வேர்ட் எதற்கு? ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்க. அப்புறம் அதைப் போடச் சொல்லித்தரும் வீடியோக்காரர் "விண்டோஸோட ஆன்டிவைரஸ் டிஃபெண்டரை ஆஃப் பண்ணுங்க, அது சும்மா கத்தும்" என்பார். அதையும் செய்துவிட்டு, ஆன்டிவைரஸ் ஏன் பிடிக்கவில்லை என்று எங்களைக் கேட்டால் என்ன சொல்வது?

மாட்டிக்கொண்டால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். மிச்சமிருப்பதைக் காப்பாற்றுகிறேன் என்று புது பென்டிரைவைச் செருகாதீர்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை ரான்சம்வேர் மறுபடி ஓடும், பென்டிரைவில் உள்ளதையும் பூட்டும். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டித்தான் காப்பி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஃபார்மட் வேண்டாம்: சி-யில் உள்ள 'சிஸ்டம்ஐடி' ஃபோல்டரும் ரீட்மி கோப்பும் தேவை. எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசமாகத் தரும் டிகிரிப்டர் (பூட்டைத் திறக்கும் மென்பொருள்) உங்களுக்கு வேலை செய்யுமா என்பது அவற்றில் உள்ள ஐடியைப் பொறுத்தது. பலருக்கும் பொதுவான ஆஃப்லைன் சாவியாக இருந்தால் வாய்ப்பு உண்டு, உங்களுக்கென்றே தனியாக உருவான ஆன்லைன் சாவி என்றால் மிகக் கடினம்.

ஒரு சின்ன ஆறுதல். இந்த வகை ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும். பெரிய வீடியோவை, அதே போனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை ரிப்பேர் மென்பொருளுக்கு மாதிரியாகக் கொடுத்துப் பல சமயம் சரிசெய்யலாம். 90 கேபி வேர்ட் கோப்பு முழுசாகப் போய்விடும். இது தெரியாமல் "கேரண்டி ரெக்கவரி" என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியில், வேறு மென்பொருள் டிஃபெண்டரை அணைக்காமல் தடுக்கும் டாம்பர் புரொடெக்‌ஷன் ஆனில் இருக்கட்டும். ரான்சம்வேர் புரொடெக்‌ஷனுக்குள் தெரியாத மென்பொருள் கோப்புகளை மாற்றாமல் தடுக்கும் 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று உண்டு; நாமாகத்தான் போட வேண்டும். போட்டாலும் டி-யில் உள்ள ஃபோல்டர்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் எக்ஸ்டென்ஷன் (கோப்புப் பெயரின் கடைசிப் பகுதி) தெரியும்படி வையுங்கள், பிடிஎஃப் போல வேஷம் போடும் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற புரோகிராம் அப்போதுதான் கண்ணில் படும். பிள்ளைகளுக்கு அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் கொடுங்கள். அவர்கள் கோப்பு பூட்டப்படுவதை அது தடுக்காது; ஷேடோ காப்பி தப்பிக்கும். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது; இன்னும் அதிலேயே பேங்க் வேலை பார்ப்பவர்கள் தயவுசெய்து மாறிவிடுங்கள்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. இதே கிராக்கோடு பாஸ்வேர்டைத் திருடும் வைரஸும் அடிக்கடி சேர்ந்தே வரும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டும் குக்கீயும் (நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருப்பதற்கான அடையாளம்) கோப்பு பூட்டப்படும் முன்பே வெளியே போயிருக்கலாம். குக்கீ போய்விட்டால் ஓடிபி கேட்காமலே உங்கள் ஜிமெயிலுக்குள் நுழையலாம். எனவே அந்தக் கம்ப்யூட்டரில் இல்லாமல், போனிலிருந்து முதலில் ஜிமெயில், அடுத்து பேங்க் பாஸ்வேர்டை மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்துங்கள். பணம் போயிருந்தால் எங்களுக்கு முன் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.