உப்புத்தாள் போடும் முன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்

“எங்கள் வீட்டில் இருநூறு வருடமாக இருக்கிறது ஐயா” என்று சொல்லித்தான் சென்ற மாதம் ஓர் அம்மா தன் தாத்தாவின் தேக்கு மேசையைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மேல்பலகையை நான் நம்புவதே இல்லை. எத்தனை முறை இழைத்து எத்தனை பாலிஷ் பூசினார்களோ! இழுப்பறையை உருவிக் கவிழ்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். யார் கண்ணிலும் படாத இடம் என்பதால் ஆசாரி அங்கே இழைப்புளி போட்டிருக்கவில்லை. ரம்பத்தின் தடம் அப்படியே இருந்தது.

கை ரம்பத்தில் அறுத்த பலகையில் கோடுகள் நேராக, இடைவெளி ஒழுங்கில்லாமல் ஓடும். இதிலோ வளைந்த கோடுகள். வட்ட ரம்பம் அறுத்தது. நமக்குத் தேக்கு வந்த பர்மாவில் நீராவி மர மில்கள் பெருகியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். இருநூறு வருடக் கணக்கு அங்கேயே அடிபட்டுப்போனது.

கீலில் ஸ்டார் ஸ்குரு. அது 1930களில் வந்த சரக்கு. அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆனால் கீலைக் கழற்றினால், அடியில் மரத்தூள் வைத்து அடைத்த பழைய துளைகள்! பழுதானபோது யாரோ கீலை மாற்றியிருக்கிறார்கள். ஓர் ஆணியை வைத்து வயதைத் தீர்மானிக்கக் கூடாது என்பது இதனால்தான். கழுந்துகளில், அதாவது ஒரு கட்டையின் துளைக்குள் இன்னொன்றைச் செருகும் முனைகளில், மர ஆணி இருந்தது. பசையோ கருத்து, நகம் பட்டால் கண்ணாடிபோல் உதிரும் வச்சிரம், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய பசை. ஃபெவிகால் 1959இல்தான் சந்தைக்கு வந்தது.

மரம் பழையதென்றால் மேசையும் பழையது என்று எண்ணிவிடாதீர்கள். இடித்த வீட்டின் உத்திரத்தை அறுத்து நேற்றுக்கூட மேசை செய்யலாம். எதற்கும் பொருந்தாத வெற்றுத் துளைகள் தென்பட்டால் சந்தேகப்பட வேண்டும்.

இழுப்பறையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த செய்தித்தாளின் ஓரத்தில் 1938 என்று படிக்க முடிந்தது. ஆக, 1938 வாக்கில் இந்த மேசை இருந்திருக்கிறது. நூறு வயதை ஒட்டியது என்று சொன்னேன். வேறொரு வீட்டு அலமாரி என்னிடம் வந்தபோது, உள்ளும் புறமும் மெஷினில் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. அதற்கு வயது சொல்ல எனக்கு ஒரு தடம்கூட மிஞ்சவில்லை. இன்றும் மனம் ஆறவில்லை.

பாலிஷுக்குக் கொடுக்கும் முன் அடிப்பக்கத்தையும் மூட்டுகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஆணி, ஸ்குரு, கீல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, ஒரு பையில் போட்டு அதே இழுப்பறையில் வையுங்கள். உட்புறத்தை மட்டும் தேய்க்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அந்த அம்மா செய்தித்தாளைத் தொடவே வேண்டாம் என்றார். அப்படியே விட்டிருக்கிறேன்.