டெஸ்டிங் நடுவழி அல்ல: டெபியன் கிளைகளைத் தேர்ந்தெடுக்கும் முன்

"ஸ்டேபிள் ரொம்பப் பழசு, சிட் ஆபத்து, அதனால் டெஸ்டிங் போட்டுக்கொள்." டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் பற்றி அடிக்கடி காதில் விழும் அறிவுரை இது. ஸ்டேபிள் என்பது வெளியிடப்பட்ட நிலையான கிளை, சிட் புதியவை முதலில் வந்து சேரும் கிளை, டெஸ்டிங் அடுத்த ஸ்டேபிளாகத் தயாராகும் கிளை. டெஸ்க்டாப்பில் இதனால் பெரிய கேடு வராமல் போகலாம். இணையத்தைப் பார்த்தபடி நிற்கும் சர்வரில் இது தவறான முடிவு. ஏன் என்பதை, ஒரு பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த நிரல்) கிளைவிட்டுக் கிளை நகரும் விதத்தைப் பார்த்தால்தான் உணர முடியும்.

பராமரிப்பாளர் புதிய பதிப்பை முதலில் அன்ஸ்டேபிளில், அதாவது சிட்டில் ஏற்றுகிறார். அங்கிருந்து டெஸ்டிங்குக்கு யாரும் அதைக் கையால் நகர்த்துவதில்லை. பிரிட்னி என்ற நிரல் தினமும் கணக்குப் பார்க்கிறது. அவசரம் குறைவு என்று குறிக்கப்பட்ட பேக்கேஜ் 10 நாள் காத்திருக்க வேண்டும், நடுத்தரம் என்றால் 5 நாள், அதிகம் என்றால் 2 நாள். நாள் கடந்தால் மட்டும் போதாது. ஆதரவுள்ள எல்லா வகை ப்ராசஸர்களுக்கும் அது பில்ட் ஆகியிருக்க வேண்டும். டெஸ்டிங்கில் இல்லாத புதிய கடும் வழு (பக்) எதையும் அது கொண்டுவரக் கூடாது. டெஸ்டிங்கில் இருக்கும் வேறு எந்தப் பேக்கேஜையும் நிறுவ முடியாதபடி ஆக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

பாதுகாப்புத் திருத்தமும் இதே வரிசையில்தான் நிற்கிறது. ஸ்டேபிளுக்குப் பாதுகாப்புக் குழு நேரடியாகத் திருத்தம் வெளியிடும். சிட்டுக்குப் பராமரிப்பாளர் பெரும்பாலும் விரைவில் ஏற்றிவிடுவார். இரண்டுக்கும் நடுவே இருக்கும் டெஸ்டிங்தான் காத்திருக்கிறது. சிட்டில் பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரி ஒன்றில் பெரிய மாற்றம் நடந்தால் வாரக்கணக்கிலும் காத்திருக்க நேரும்.

2024இல் நடந்தது இதுதான். 32-பிட் கணினிகளில் நேரத்தை எண்ணும் மாறி 2038 ஜனவரியில் நிரம்பிவிடும் என்பதால், அதை 64-பிட்டாக மாற்றும் பணி தொடங்கியது. பாதிக்கப்பட்ட லைப்ரரிகளின் பெயரோடு 'டி64' என்ற ஒட்டு சேர்க்கப்பட்டது. முதலில் சிட்டுக்கும் முந்தைய சோதனைக் களமான எக்ஸ்பெரிமென்டலில் அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சிட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படியும், ஒன்றையொன்று சார்ந்த பேக்கேஜ்கள் எல்லாம் சேர்ந்தே நகர வேண்டியிருந்ததால், டெஸ்டிங்குக்குப் போகும் வழி நெடுநாள் அடைபட்டது.

அந்த நெரிசலுக்கு நடுவில்தான், மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலில் ஒளித்துவைத்த பின்கதவு வெளிவந்தது. நஞ்சு கலந்த 5.6.0, 5.6.1 பதிப்புகள் சிட்டிலும் டெஸ்டிங்கிலும் இருந்தன. அன்றைய ஸ்டேபிளான புக்வோர்மில் இல்லை. காத்திருப்பு நாட்கள் பிறர் கண்டு புகார் செய்யும் வழுவைத்தான் தடுக்கும், ஒளித்துவைத்த வழுவைத் தடுக்காது என்பது அன்று தெளிவாயிற்று. கண்டுபிடித்த ஆன்ட்ரஸ் ஃப்ராயிண்ட் சிட் பயன்படுத்தியவர். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து உள்நுழைவது அரை நொடி தாமதமாவதைக் கவனித்து அவர் தோண்டிப் பார்த்தார். சிட்டில் இப்படிக் கண் விழித்திருப்பவர்கள் இருப்பதால்தான் ஸ்டேபிள் பத்திரமாக இருக்கிறது. வழுவைப் புகாராக எழுத மனமில்லாமல் புதுமைக்காக மட்டும் சிட்டுக்குப் போவதில் யாருக்கும் பயனில்லை.

திருத்தம் வந்த பதிப்பின் பெயரையும் பாருங்கள்: '5.6.1+ரியலி5.4.5'. உள்ளே இருப்பது பழைய 5.4.5தான். ஆனால் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் தானாகப் பதிப்பு இறக்காது, எண் ஏறினால்தான் எல்லோருக்கும் போய்ச் சேரும். கிளைகளைக் கலப்பவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். ஸ்டேபிள் சர்வரில், பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று ஆப்ட்டுக்குச் சொல்லும் மூலப் பட்டியலில் சிட்டின் வரியைச் சேர்த்து ஒரே ஒரு நிரலை நிறுவினால், அது பெரும்பாலும் புதிய சி லைப்ரரியையும் இழுத்து வரும். பிறகு அந்த வரியை அழித்தாலும் லைப்ரரி இறங்காது. அதை நம்பி ஏறியவற்றையும் சேர்த்து இறக்குவது பெரும்பாலும் முடியாத வேலை. மறுபடி நிறுவுவதே மிச்சம்.

இன்னொன்று, சாதாரணக் கிளைகள் எல்லாவற்றுக்கும் ஆப்ட் தரும் முன்னுரிமை 500. ஆகவே முன்னுரிமையை மாற்றாமல் சிட்டைச் சேர்த்தால், அடுத்த அப்கிரேடில் முழு இயந்திரமும் சிட் ஆகிவிடும். எக்ஸ்பெரிமென்டலுக்கு 1, ஸ்டேபிளுக்குப் புதிய பதிப்புகள் தரும் பேக்போர்ட்ஸுக்கு 100 என்று இருப்பதால் இவை தாமாக உள்ளே வருவதில்லை. புதிய ஹார்டுவேருக்குப் புதிய கெர்னல் வேண்டும் என்றால் பேக்போர்ட்ஸ்தான் சரியான வழி. அதிலுள்ளவை டெஸ்டிங்கிலிருந்து எடுத்து ஸ்டேபிள் லைப்ரரிகளோடு மறுபடி பில்ட் செய்யப்பட்டவை. பார்த்துவிட்டு எறியப் போகும் நிரலுக்கு முழு இயந்திரத்தைத் தொடாத ஒரு கன்டெய்னரில் சிட் போதும். எதுவானாலும் நிறுவும் முன் ஆப்ட்டின் ஒத்திகை வசதியை ஓட்டி, 'நீக்கப்படும்' பட்டியலை வரி வரியாகப் படியுங்கள்.

ஸ்டேபிளின் பதிப்பு எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். 2024 ஜூலையில் ஓபன்எஸ்எஸ்எச்சில் வெளியான ஓட்டைக்கு, அதை எழுதும் மூலத் திட்டம் 9.8ஐ வெளியிட்டது. புக்வோர்ம் 9.2இலேயே நின்று, அந்த ஓட்டையை மட்டும் அடைத்து, பின்னொட்டை 'டெப்12யூ3' ஆக்கியது. முன்னெண்ணை மட்டும் படிக்கும் ஸ்கேனர்கள் இன்னும் ஓட்டை இருப்பதாக அறிக்கை தரும். அதை நம்பி மூலத்திலிருந்து நீங்களே கம்பைல் செய்தால், அடுத்த ஓட்டைக்குத் திருத்தம் தர உங்களைத் தவிர ஆளில்லை. பேக்கேஜின் சேஞ்ச்லாக்கில் (மாற்றக் குறிப்பு) அந்த ஓட்டையின் சிவிஇ எண்ணை, அதாவது அதற்குரிய பொது அடையாள எண்ணைத் தேடினால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரியும்.

மூலப் பட்டியலில் 'ஸ்டேபிள்' என்று எழுதாமல் வெளியீட்டின் பெயரையே எழுதுங்கள். 2025 ஆகஸ்ட் 9 அன்று ஸ்டேபிள் என்ற சொல் புக்வோர்மை விட்டு அடுத்த வெளியீடான டிரிக்ஸிக்கு மாறியது. ஆப்ட் கேட்கும் கேள்விக்கு யோசிக்காமல் ஆம் என்றவருக்கு, வழக்கமான அப்கிரேடு என்று நினைத்தது வெளியீட்டு மாற்றமாகிவிடும்.

பேக்கேஜ் பராமரிப்பவர்களுக்கு, வெளியீட்டுக்கு முன் புதிய மாற்றங்களைப் படிப்படியாக நிறுத்தும் உறைவுக் காலம்தான் சோதனை. டிரிக்ஸிக்கு 2025 மார்ச் 15இல் பெரிய லைப்ரரி மாற்றங்கள் நின்றன; ஏப்ரல் 15, மே 15, ஜூலை 27 என்று பிடி இறுகியது. அந்த மாதங்களில் புதிய பெரும்பதிப்பை எக்ஸ்பெரிமென்டலில் ஏற்ற வேண்டும், சிட்டில் அல்ல. சிட்டில் புதியது உட்கார்ந்துவிட்டால், டெஸ்டிங்கிலுள்ள பழையதற்கு ஒரு சிறு திருத்தம் அனுப்பும் வழக்கமான வழி அடைபடும். அப்போது தனிப் பாதையில் அனுப்ப வேண்டும். அதில் சிட் பயனர்களின் கைபடாமலே திருத்தம் டெஸ்டிங்குக்கும், வெளியீட்டோடு ஸ்டேபிளுக்கும் போகும். 2002 ஜூலையில் வுடி என்ற வெளியீடு வந்த பிறகு அடுத்ததான சார்ஜ் வர 2005 ஜூன் ஆனது. இன்றைய இரண்டு ஆண்டுச் சுழற்சி இந்தக் கட்டுப்பாட்டால்தான் ஓடுகிறது.

சர்வர் நடத்துபவர்கள் டெஸ்டிங்கைத் தொட வேண்டிய பருவமும் அதுவே. கடைசி உறைவு தொடங்கியதும் சர்வரின் நகல் ஒன்றை விர்ச்சுவல் மெஷினில் எடுத்து, முழு அப்கிரேடையும் அதில் ஓட்டிப் பாருங்கள். இடறினால் ஆப்ட்டின் வெளியீட்டோடு 'அப்கிரேடு-ரிப்போர்ட்ஸ்' என்ற பெயரில் வழுப் புகார் எழுதுங்கள். வெளியீட்டுக்கு முன் வந்த புகாரைத் திருத்த வழி இருக்கிறது.