கார்பனின் எலக்ட்ரான் அமைப்பும் காருக்குள் உறங்குவோரின் உயிரும்

தீபாவளிக்கு ஊர் திரும்புவோரில் பலர், மலேசியாவின் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் ஓய்விடங்களில் இயந்திரத்தை அணைக்காமல், குளிரூட்டியை ஓடவிட்டுக் காருக்குள்ளேயே உறங்குகின்றனர். பினாங்கில் அவசரப் பிரிவு மருத்துவராகப் பணியாற்றும் நான், தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் என்று வரும் பயணிகளிடம் எங்கே உறங்கினீர்கள் என்று தவறாமல் கேட்பது, கார் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை ஐயுற்றே; அவ்வாயு நச்சாவதற்குக் கார்பன் அணுவின் எலக்ட்ரான் அமைப்பே காரணம்.

கார்பனின் ஆறு எலக்ட்ரான்களில் இரண்டு, அணுக்கருவை ஒட்டிய 1எஸ் ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான்கள் இருக்கும் இடப்பகுதி) அடங்கியிருப்பவை. அவை வேதிவினைகளில் கலந்துகொள்வதில்லை. எஞ்சிய நான்கில் இரண்டு 2எஸ் ஆர்பிட்டாலில் இணையாகவும், மற்ற இரண்டு 2பி ஆர்பிட்டால்களில் தனித்தனியாகவும் அமைய, மூன்றாவது 2பி வெறுமையாக இருக்கிறது. எரிபொருள் முழுமையாக எரியும்போது வெளிக்கூட்டின் நான்கு எலக்ட்ரான்களும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களுடன் பிணைப்பில் ஈடுபட்டு, கார்பன் டைஆக்சைடு உருவாகிறது. ஆக்சிஜன் போதாதபோது ஓர் அணுவே கிடைக்கிறது. அதனுடன் மூன்று எலக்ட்ரான் இணைகளைப் பகிரும் மும்மைப் பிணைப்பு ஏற்பட்ட பிறகும், கார்பனிடம் ஓர் எலக்ட்ரான் இணை பகிரப்படாமல் வெளிநோக்கி நிற்கிறது. இதுவே கார்பன் மோனாக்சைடு.

அந்த இணைதான், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் இரும்பைப் பற்றிக்கொள்கிறது. இரும்பும் தன் எலக்ட்ரான்களில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதால் பிணைப்பு மேலும் இறுகி, ஆக்சிஜனுக்கு உள்ளதைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட ஈர்ப்பு உண்டாகிறது. போதாக்குறைக்கு, இரத்தத்தில் எஞ்சியுள்ள ஆக்சிஜனும் திசுக்களுக்கு எளிதில் விடுவிக்கப்படுவதில்லை. இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரால், ஹீமோகுளோபினுடன் இணைந்திருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்தறிய இயலாது; 98 விழுக்காடு என்று அது காட்டினாலும் நான் நம்புவதில்லை. இரத்தத்தைத் தனியாகப் பரிசோதித்தே உண்மை நிலையை அறிய முடியும்.

இவ்வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. புகைக்குழாயில் கசிவுள்ள கார், வீட்டுக்குள் இயங்கும் பெட்ரோல் ஜெனரேட்டர், கூடாரத்துக்குள் மூட்டிய கரியடுப்பு ஆகிய மூன்றுமே ஆபத்தானவை. உறங்க வேண்டுமானால் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கண்ணாடியைச் சற்று இறக்கிவிடுங்கள். காரில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் அதை உணவு ஒவ்வாமை என்று எண்ணாதீர்கள். உடனே அனைவரையும் வெளியேற்றி 999 எண்ணை அழையுங்கள். சாதாரணக் காற்றில் இவ்வாயுவின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடிவழி தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அது நிகழும்.