வாளியின் அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியுமா?

பாத்திரம் தேய்க்கும் செவ்வக ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் முக்கி நன்றாக ஊறவிடுங்கள். பிழியாமல் மெல்லத் தூக்கி, படுக்கைவாக்கில் பிடியுங்கள். சொட்டுச் சொட்டாக வடிந்து கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இனி ஒன்றும் வராது என்று தோன்றும்போது அதை நீளவாக்கில் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் வடியத் தொடங்கும்! ஸ்பாஞ்ச் அதேதான், யாரும் பிழியவும் இல்லை. அப்படியானால் அந்தத் தண்ணீர் இவ்வளவு நேரம் எங்கே ஒட்டிக்கொண்டிருந்தது?

தூக்கிப் போட வேண்டிய வாளி, டப்பா, டப்களில் செடி வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியமானது. எனக்கு இது தெரியாமல் இருந்த காலத்தில், பிடி உடைந்த பிளாஸ்டிக் வாளி ஒன்றில் தக்காளி நட்டேன். அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, நாலு விரல் உயரத்துக்குக் கூழாங்கல்லும் ஓட்டாஞ்சில்லும் நிரப்பி, அதன்மேல் மண் போட்டேன். ‘வடிகால் நன்றாக இருக்கும்’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இரண்டே வாரத்தில் செடி துவண்டது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். இன்னும் துவண்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகி, கொழகொழவென்று அழுகியிருந்தது.

வேரும் சுவாசிக்கும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்துதான் அதற்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. அந்த இடைவெளி தண்ணீரால் அடைபட்டால் ஆக்சிஜன் தண்ணீருக்குள் ஊடுருவித்தான் வேரை எட்ட வேண்டும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மூச்சு முட்டிய வேரால் சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீரில் மூழ்கும் செடியும் தாகத்தில் வாடும் செடியும் பார்வைக்கு ஒரே மாதிரி துவள்கின்றன.

சரி, ஓட்டையும் இருந்தது, கல்லும் இருந்தது. தண்ணீர் ஏன் வடியவில்லை?

மெல்லிய கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் நிறுத்தினால் உள்ளே தண்ணீர் தானாக மேலேறும். பள்ளிப் பாடத்தில் படித்த நுண்புழை ஏற்றம்தான் இது. கண்ணாடியோடு ஒட்டும் குணமும் பரப்பு இழுவிசையும் சேர்ந்து, புவியீர்ப்பை எதிர்த்துத் தண்ணீரைத் தூக்கிப் பிடிக்கின்றன. குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம். 1 மி.மீ. விட்டமுள்ள குழாயில் ஏறத்தாழ 3 செ.மீ., 0.1 மி.மீ. குழாயில் ஏறத்தாழ 30 செ.மீ. மண்ணில் நேரான குழாய்கள் இல்லைதான். ஆனால் துகள்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஓடும் சந்துபொந்துகள் எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. தொட்டியில் ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கி வரும்போது, அடிப்பகுதியில் மட்டும் ஒரு அடுக்கு முழுக்க நனைந்தபடி நின்றுவிடும். அதைக் கீழே இழுக்கும் எடையும் மேலே பிடிக்கும் விசையும் அங்கே சமமாகிவிடுகின்றன. ஓட்டை பத்து போட்டாலும் இருபது போட்டாலும் இந்த அடுக்கின் உயரம் மாறாது. அதைத் தீர்மானிப்பது மண்ணின் துளை அளவு.

இங்கேதான் கல் காலை வாருகிறது. கற்களுக்கு நடுவே இருப்பவை பெரிய இடைவெளிகள். அவற்றுக்குத் தண்ணீரை இழுக்கும் சக்தி கிட்டத்தட்டக் கிடையாது. மேலே மண்ணின் நுண்துளைகளோ தண்ணீரை விடாப்பிடியாகப் பிடித்திருக்கின்றன. ஆகவே மண்ணும் கல்லும் சந்திக்கும் இடத்துக்கு வந்த தண்ணீர் அங்கேயே தயங்கி நிற்கும். மேலே மண் முழுக்க ஊறி எடை கூடினால்தான் சொட்டாகக் கீழே விழும். அதாவது அடியில் நின்றிருக்க வேண்டிய நனைந்த அடுக்கை நான் நாலு விரல் மேலே ஏற்றி, நேராக வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு மண்கலவையில் இந்த அடுக்கு 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. உயரத்துக்கு அந்தக் கலவையை மட்டும் நிரப்பினால் மேலே 25 செ.மீ. காற்றோட்டமான மண் கிடைக்கும். அடியில் 7 செ.மீ. கல் போட்டால் அது 18 செ.மீ. ஆகிவிடும். அதே கலவையை 10 செ.மீ. ஆழமுள்ள டப்பில் போட்டால் பாதி மண் சதா சொதசொதவென்று இருக்கும். ஸ்பாஞ்சைப் படுக்கவைத்ததும் நிமிர்த்தியதும் இதே கதைதான். ஆழமில்லாத பாத்திரங்களில் கீரை பிழைத்துக்கொள்ளும். ஆழமாக வேர்விடும் செடிக்கு உயரமான வாளியே மேல்.

கல்லுக்கு மேலே தண்ணீர் தயங்கி நிற்கும் இந்தத் தந்திரத்தை வேண்டுமென்றே பயன்படுத்துபவர்களும் உண்டு. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறைப்படி, பந்து குழியில் விழும் பகுதியின் புல்தரைக்கு 30 செ.மீ. மணல் கலவையும் அதன் அடியில் 10 செ.மீ. சரளைக் கல்லும் போடுகிறார்கள். மணல் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் அதில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கவும் அந்தக் கல் உதவுகிறது. நாம் வடிகாலுக்காகப் போடும் அதே கல்!

அப்போது வழி என்ன? துளை அளவை மாற்ற வேண்டும், அதுவும் அடியில் மட்டும் அல்ல, மண் முழுவதிலும். தோட்டத்து மண்ணை அப்படியே வாளியில் அள்ளிப் போட்டால் அது இறுகி, நுண்துளைகள் மட்டுமே மிஞ்சும். களிமண்ணில் இரண்டு கை மணல் கலப்பதும் பலன் தராது. மணலின் இடைவெளிகளைக் களித்துகள்கள் நிரப்பிவிடும், முன்னைவிட மோசமாகும். காசில்லாமல் கிடைப்பதில் எனக்குப் பிடித்தது உதிர்ந்த இலைகள். ஓட்டை போட்ட பழைய சாக்கில் காய்ந்த இலைகளைத் திணித்து, நனைத்து, ஒரு மூலையில் மறந்துவிட வேண்டும். பூஞ்சைகள் அவசரப்படாமல் வேலை செய்யும். ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை ஆகலாம். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும் அந்த மக்கில் பெரிதும் சிறிதுமாகத் துளைகள் இருக்கும். சிறியவை ஈரத்தைப் பிடிக்கும், பெரியவை காற்றை விடும். பச்சை மரத்தூளை மட்டும் கலக்காதீர்கள். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை எல்லாம் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும்.

ஏற்கெனவே நட்டாயிற்று, மண்ணை மாற்ற முடியாது என்றால் ஒரு கந்தல் துணி போதும். பழைய பனியனிலிருந்து ஒரு பட்டை கிழித்து, நனைத்து, ஒரு முனையை ஓட்டை வழியாக மண்ணுக்குள் செருகி, மறுமுனையைக் கீழே தொங்கவிடுங்கள். துணியின் நுண்துளைகள் மண்ணோடு தொடர்பில் இருப்பதால் தண்ணீருக்கு அது மண்ணின் நீட்சியாகவே படும். ஸ்பாஞ்சை நிமிர்த்தியதுபோல, உயரம் கூடிவிட்டது. நனைந்த அடுக்கு துணி வழியே கீழே இறங்கும்.

அதே துணியின் கீழ்முனையைத் தண்ணீருள்ள டப்பாவில் விட்டால் வேலை தலைகீழாக நடக்கும். மண் காயக் காயத் தண்ணீர் மேலே ஏறும். நாலு நாள் ஊருக்குப் போகிறவர்களுக்கு உகந்த ஏற்பாடு. டப்பாவுக்கும் வாளிக்கும் நடுவே உயரம் கூடினால் ஏறும் வேகம் குறையும், ஆகவே நெருக்கமாக வையுங்கள். டப்பாவை மூடிவையுங்கள், இல்லாவிட்டால் கொசுப் பண்ணைதான். பருத்தித் துணி சில மாதங்களில் மக்கிவிடும். கீழிருந்தே தண்ணீர் ஏறுவதால் உப்புகள் மேல்மண்ணில் படியும். அவ்வப்போது மேலிருந்து தாராளமாக ஊற்றிக் கழுவிவிடுவது நல்லது.

பாத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டப்பா வேண்டாம். வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மூலக்கூறு சங்கிலிகளை அறுப்பதால் வாளி சில வருடங்களில் நொறுங்கத் தொடங்கும். விரிசல் விட்டால் மாற்றிவிடுங்கள்.

அந்தப் பிடி உடைந்த வாளியில் இப்போது கல் இல்லை. போன வாரம் தண்ணீர் ஊற்றி, சொட்டு நின்ற பிறகு, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தேன். இன்னும் அரை டம்ளர் வந்தது.