கண்காணிப்பா, நிலவரமா? 'சர்வேலன்ஸ்' என்ற சொல் படும் பாடு

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்கு ஒரு துண்டுச்சீட்டு வந்தது. ஒரு பக்கம் கன்னடம், மறுபக்கம் தமிழ். டெங்கு காலம், கொடுக்க வேண்டியதுதான். தமிழ்ப் பக்கத்தின் முதல் வரி இது: "உங்கள் இல்லம் தொடர் நோய் கண்காணிப்பின் கீழ் கொண்டுவரப்பட்டுள்ளது." கீழ்வீட்டுப் பாட்டி என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நாம என்னப்பா தப்பு பண்ணினோம்?" என்றார். இரண்டு நாள் கழித்து, வீடு வீடாக வரும் சுகாதாரத் தொண்டரான ஆஷா அக்கா கையில் போனோடு வந்து, "ஜ்வர இதியா? காய்ச்சல், மேல்வலி யாருக்காவது இருக்கா?" என்று கேட்டபோது பாட்டி கதவைப் பாதி கூடத் திறக்காமல் "யாருக்கும் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். உள்ளே பேரன் மூன்று நாளாகப் படுத்த படுக்கை.

பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு இருந்தால் அபராதம் என்று கேள்விப்பட்டிருக்கிறார், இந்தச் சீட்டு வேறு 'கண்காணிப்பு' என்கிறது. சீட்டில் எழுதியதைத்தான் அவர் புரிந்துகொண்டார். எழுதியவர்தான் தப்பாக எழுதினார்.

ஆங்கிலத்தில் 'டிசீஸ் சர்வேலன்ஸ்' என்பதைத்தான் 'நோய் கண்காணிப்பு' என்று எழுதியிருக்கிறார். சரி, சர்வேலன்ஸ் எங்கிருந்து வந்தது? பிரெஞ்சு. 'சுர்' என்றால் மேலே, 'வெய்யே' என்றால் விழித்திருத்தல், அதற்கும் பின்னால் லத்தீன் 'விகிலாரே'. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793இல் ஊருக்கு ஊர் சர்வேலன்ஸ் குழு அமைத்து, வந்த அந்நியர் யார், சந்தேகப்பட வேண்டியவர் யார் என்று பார்த்தார்கள். அந்த வாடையோடுதான் சொல் ஆங்கிலத்துக்குப் போனது. வரலாறு இவ்வளவு போதும்.

நமக்கு வேண்டியது அதற்கப்புறம் நடந்தது. 1950 வரைக்கும் பொதுச் சுகாதாரத்தில் இந்தச் சொல்லுக்கு ஆளைப் பார்ப்பது என்றுதான் பொருள். பெரியம்மை, பிளேக் வந்தவரோடு பழகியவரை, அறிகுறி வருகிறதா என்று தினமும் போய்ப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் தொற்றுநோய் மையத்தில் இருந்த அலெக்சாண்டர் லாங்மியூர்தான் இதைத் திருப்பிப்போட்டார். ஆளை விட்டுவிட்டு நோயைப் பாருங்கள் என்றார். எங்கே எத்தனை பேருக்கு வருகிறது என்ற தகவலை விடாமல் திரட்டு, அலசு, நடவடிக்கை எடுக்க வேண்டியவர் கையில் கொண்டுபோய்ச் சேர். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சர்வேலன்ஸ். 1963இல் இதைக் கட்டுரையாகவே எழுதினார், உலகம் அதை ஏற்றுக்கொண்டது. தமிழ் மட்டும் 1950க்கு முன்னாலேயே நிற்கிறது.

'கண்காணி' புதுச் சொல் அல்ல. சோழர் கல்வெட்டிலேயே ஸ்ரீகாரியக் கண்காணி என்று கோயில் வேலையை மேல்பார்க்கும் ஆள் இருக்கிறார். பிறகு அது கங்காணி ஆகி, இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் பிடித்துப் போய்த் தோட்டத்தில் மேய்த்த கதை யாருக்குத்தான் தெரியாது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் மாவட்டத்தின் பெரிய போலீஸ் அதிகாரிக்குப் பெயர் காவல் கண்காணிப்பாளர். பரீட்சை ஹாலில் பிட் பிடிக்கிறவரும் கண்காணிப்பாளர். நகைக்கடையில் மாட்டியிருப்பது கண்காணிப்பு கேமரா. ஆயிரம் வருடமாக ஒரு சொல் ஆளின் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறது. அதன் முன்னால் 'நோய்' என்று ஒட்டினால் குணம் மாறிவிடுமா?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஆளையே பார்க்கும் இடத்தில் கண்காணிப்பு சரியான சொல். 2020 மார்ச்சில் கர்நாடகத்தில் வீட்டுத் தனிமையில் இருந்தவர்கள் காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணி வரை மணிக்கொரு செல்ஃபி எடுத்து ஆப்பில் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்ததே, அதற்குப் பெயர் அச்சு அசல் கண்காணிப்பு. அதை வேறு மென்மையான சொல்லால் மூடினால்தான் கோபம் வரும். ஆனால் அதுவும், மும்பையில் 2001இலிருந்து சாக்கடை நீரை எடுத்து போலியோ வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவந்ததும் ஒரே சொல்லா? சாக்கடைக்குள் யாருடைய பெயரும் முகவரியும் இல்லை. 'கழிவுநீர் கண்காணிப்பு' என்று படித்தால் எனக்கு அடைப்பெடுக்கும் வண்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இதை எங்கள் தமிழ் வட்டத்து நண்பர் ஒருவரிடம் சொன்னேன். தனித்தமிழ் ஆள். ஒரே நாளில் 'நோய்நோட்டம்' என்று செய்துகொண்டு வந்துவிட்டார். காசு நல்லதா கள்ளதா என்று பார்ப்பவர் நோட்டக்காரர், ஆக நோட்டம் என்றால் ஆராய்ந்து பார்ப்பது என்பது அவர் வாதம். அகராதிப்படி தப்பில்லை. ஆனால் இன்றைக்குத் தமிழில் நோட்டம் விடுகிறவன் யார்? பூட்டிய வீட்டைப் பார்த்துவைத்து ராத்திரி வருகிறவன். 'நோய்நோட்டக் குழு வருகிறது' என்று சீட்டு அடித்தால் பாட்டி கதவைச் சாத்துவதோடு நிற்காமல் பூட்டும் வாங்கிப் போடுவார். இன்னொரு விஷயம், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நோட்டத்தைத் தூய தமிழ் என்று அவர் சத்தியம் பண்ணுவது. வாசலில் இறங்கினால் காய்கறிக்காரர் "நோடி ஸ்வாமி" என்கிறார், கன்னடத்தில் நோடு என்றால் பார். அவர்கள் வீட்டுச் சொல்லை நாம் வைத்துக்கொள்வதில் எனக்கு வருத்தம் இல்லை, தூய்மை என்று சொல்லி விற்பதில்தான். கன்னடத்தில் இதே விஷயத்தைக் 'கண்காவலு' என்கிறார்கள். அதைத் தமிழாக்கி 'நோய்க்காவல்' என்றால் என்ன என்று நண்பர் அடுத்துக் கேட்டார். ஊர்க்காவல் ஊரைக் காக்கும், பயிர்க்காவல் பயிரைக் காக்கும். நோய்க்காவல் எதைக் காக்கும், டெங்குவையா? அதோடு 'நீதிமன்றக் காவல்' வேறு இருக்கிறது. 'நோய்விழிப்பு' பிரெஞ்சு வேருக்குக் கிட்டே வருகிறது, ஆனால் அரசு விளம்பரங்கள் விழிப்புணர்வு என்ற சொல்லைத் தேய்த்துத் தேய்த்து, விழிப்பு என்றாலே பேரணியும் உறுதிமொழியும்தான் என்று ஆக்கிவிட்டன.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஒரு சொல்லோடு தீர்வதில்லை. மானிட்டரிங், சூப்பர்விஷன், அப்சர்வேஷன், சர்வேலன்ஸ் நான்குக்கும் கண்காணிப்பு என்றே எழுதிவிட்டுக் கூலி வாங்குகிறார்கள். 'பாசிவ் சர்வேலன்ஸ்' என்பதற்கு ஒரு தொண்டு நிறுவனத்தின் பயிற்சிக் கையேட்டில் 'செயலற்ற கண்காணிப்பு' என்று பார்த்தேன். செயலற்ற கண்காணிப்பு என்றால் வாட்ச்மேன் தூங்குகிறார் என்று அர்த்தம்! அங்கே பொருள் என்ன? மருத்துவமனைக்குத் தானாக வருகிற நோயாளிகளின் கணக்கு மேலே போகிறது, யாரும் வீடு வீடாகத் தேடிப் போகவில்லை, அவ்வளவுதான். தேடிப் போனால் அது ஆக்டிவ். 'வந்துசேரும் தகவல்', 'தேடிப்பெறும் தகவல்' என்று எழுதினால் செவிலியர் ஒருவருக்கும் பயிற்சியே தேவைப்படாது. இப்படி எழுத வேண்டுமானால் மூலத்தைப் படித்து, என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் யாருக்கும் நேரம் இல்லையாம்.

வேலை என்ன என்று தெரிந்தால் சொல் தானாக வரும். 1980களில் வட ஆற்காடு மாவட்டத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் குழுவினர் செய்ததைப் பாருங்கள். மருத்துவர்களிடம் அச்சடித்த தபால் அட்டையைக் கொடுத்துவைத்தார்கள். குறிப்பிட்ட நோய் எதையாவது பார்த்தால் பூர்த்தி செய்து தபாலில் போட வேண்டும். வந்த அட்டைகளைத் தொகுத்து, மாவட்டத்தில் எது கூடுகிறது, எது குறைகிறது என்று அந்த மருத்துவர்களுக்கே திருப்பிச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் வேண்டியிருக்கவில்லை. 2008 முதல் 2010 வரை சிவகங்கை மாவட்டத்திலும் இலங்கையின் குருணாகலிலும் இதையே செல்போனில் செய்துபார்த்தார்கள், சென்னை ஐ.ஐ.டி.யும் இலங்கையின் லர்ன்ஏஷியா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து. கிராமச் சுகாதாரச் செவிலியர் நோயாளியின் வயது, அறிகுறி, நோய் என்று போனில் தட்டி அனுப்ப, அந்தப் பக்கம் கணினி வழக்கத்துக்கு மாறாக ஏதாவது குவிகிறதா என்று தேடியது. 2004இல் தொடங்கிய மத்திய அரசின் நோய் சர்வேலன்ஸ் திட்டத்தில் எஸ், பி, எல் என்று மூன்று படிவம்: களப்பணியாளர் அறிகுறியை எழுதுவது, மருத்துவர் சந்தேகத்தை எழுதுவது, ஆய்வகம் உறுதியானதை எழுதுவது. இப்போது அதுவும் ஆப்பில். எங்கள் ஆஷா அக்காவின் போனில் இருப்பதும் இந்த வகைதான். கருவி எவ்வளவு மாறினாலும் கேள்வி ஒன்றே: இந்தப் பக்கம் நிலவரம் என்ன?

நிலவரம். இதுதான் என் சொல். வானிலை நிலவரம், சந்தை நிலவரம், தேர்தல் நிலவரம் என்று தினமும் சொல்கிறோம். வானிலை நிலவரம் சொல்கிறவர் மேகத்தைச் சந்தேகப்படுகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. நோய் நிலவரம், காய்ச்சல் நிலவரம், கழிவுநீரில் நோய் நிலவரம், மாவட்ட நோய் நிலவர அலுவலர். பாட்டி வீட்டுச் சீட்டில் "எங்கள் பகுதியின் காய்ச்சல் நிலவரம் அறிய உங்களிடம் சில கேள்விகள்" என்று இருந்திருந்தால் போதும்.

நண்பர் விடவில்லை. நிலவரம் கிடைக்கும் பொருள்தானே, செய்யும் வேலை எங்கே என்றார். நியாயமான கேள்வி. வேலையைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'நிலவரம் திரட்டல்' என்று போடுங்கள் என்றேன். ஒரு சொல் இரண்டு சொல்லாகிவிட்டதே என்று சலித்துக்கொண்டார். ஆகட்டும். கினியாவில் 2013 டிசம்பரில் ஒரு குழந்தையிடம் தொடங்கிய காய்ச்சலுக்கு எபோலா என்று பெயர் தெரிய 2014 மார்ச் ஆயிற்று. நடுவில் அங்கே இல்லாமல் போனது கண்காணிகள் அல்ல, நிலவரம் மேலே போய்ச் சேரும் வழி.

'சென்டினல்' (காவலாள்) சர்வேலன்ஸ் மட்டும் இன்னும் உதைக்கிறது. சில மருத்துவமனைகளை மட்டும் தேர்ந்து, அங்கே வருகிறவர்களை வைத்து ஊர் நிலவரத்தைக் கணிப்பது. கர்ப்பிணிகள் வரும் மையங்களை வைத்து எச்.ஐ.வி. பரவலைக் கணித்தது அப்படித்தான். இதற்கு ஒரு கையேட்டில் 'காவலாளி கண்காணிப்பு' என்று போட்டிருந்தார்கள், வாட்ச்மேனைப் பார்க்க இன்னொரு வாட்ச்மேன். நான் இப்போதைக்கு 'மாதிரி மைய நிலவரம்' என்று எழுதுகிறேன். நீளம்தான். நண்பர் வேறு ஏதோ செதுக்கிக்கொண்டிருக்கிறார், நோட்டம் இல்லாமல் வந்தால் பார்க்கலாம்.